உத்தி பிரித்த வகுப்பு

ராமநாதபுரம் சீமைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்து 240 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 1785இல் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று மூன்று ஊர்களில் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளுக்கு அடிபோட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவே பேச ஆள் வேண்டியிருந்த காலம் அது. அவர் பெயரைத் தாங்கி இன்றும் ராமநாதபுரத்தில் நிற்கும் பள்ளிக்குத்தான் ராமேஸ்வரத்திலிருந்து அப்துல் கலாம் படிக்கப் போனார். இத்தனை பழைய உறவு இருந்தும், 1970களின் கடைசியில் ராமேஸ்வரம் தீவில் படித்த எங்களுக்கு இங்கிலீஷ் என்றால் எழுதிக் காட்டவும் ஒப்பிக்கவும் வேண்டிய பாடம், அவ்வளவுதான். அதில் யாரோடாவது பேசலாம், ஏதாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஏபிசிடி. ஆறாம் வகுப்பில் இலக்கணம். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், ஆசிரியர் மேசைமேல் காலிக்கோ அட்டை போட்ட ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென், இந்தியாவில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர், 'போ ஜெஸ்ட்' என்கிற புகழ்பெற்ற சாகச நாவலை எழுதியவர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. பாலைவனத்தில் கோட்டையைக் காக்கும் வீரர்களைப் பற்றி அவ்வளவு விறுவிறுப்பாக எழுதியவருடைய இலக்கணப் புத்தகம் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது, அதில் கதையும் இல்லை, காற்றும் இல்லை. ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ். 'ராமா கில்ட் ராவணா.' 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா.' தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பேர் இந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்கள்! நாங்கள் அதைத் திருப்பிப் போட்ட இடமோ, ராவணனைக் கொன்ற தோஷம் தீர ராமன் லிங்கம் வைத்துக் கும்பிட்டதாகச் சொல்லி நாடெல்லாம் யாத்திரை வருகிற ஊர். கோயில் கோபுரம் ஜன்னலில் தெரிந்தது. கொன்றவன் யார், கொல்லப்பட்டவன் யார், எதை முதலில் சொன்னால் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் வகுப்பே எழுந்து நின்று பேசியிருக்கும். அந்தக் கேள்வி வரவில்லை. பிழையாகச் சொன்னால் புறங்கையில் ஸ்கேல் விழுந்தது. அதனால் பிள்ளைகள் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள்: வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது.

மணி அடித்ததும் அதே பிள்ளைகள் வேறு பிள்ளைகளாகிவிடுவார்கள். பையன்களுக்குக் கிட்டியும் கோலியும் பம்பரமும். எங்களுக்குச் சொட்டாங்கல், பல்லாங்குழி, சில்லுக்கோடு, பூப்பறிக்க வருகிறோம். தாயம் உருட்டக் கட்டை தேட வேண்டியதில்லை. கடற்கரையில் சோழி கிடந்தது. வடகடல் ஓரத்து மணலில் கோடு கிழித்தால் அலை வந்து அழிக்கும், மறுபடி கிழிப்போம். எவ்வளவு சட்டம் அந்த ஆட்டங்களில்! கோட்டை மிதித்தால் அவுட். இரண்டாம் கல்லை எடுக்கும்போது மூன்றாம் கல் அசைந்தால் அவுட். 'அழுகுணி ஆட்டம் ஆடாதே' என்று ஒருத்தி கத்தினால் ஆட்டம் நிற்கும், வழக்கு நடக்கும், சாட்சி சொல்வார்கள், தீர்ப்பு வரும், மீண்டும் ஆட்டம் தொடங்கும். விதி என்றால் என்ன, விதிவிலக்கு என்றால் என்ன, பிழை எங்கே நடந்தது என்று நுணுக்கமாகப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். இலக்கணத்துக்கு வேறென்ன புத்தி வேண்டும்? ஆனால் பள்ளிக்கூட வாசற்படியில் சோழியைப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். சட்டைப்பையில் கோலி கிலுகிலுத்தால் அது பறிமுதலாகிவிடும்.

கோயிலைச் சுற்றிச் சங்கும் பாசிமாலையும் விற்ற பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்களோடு இந்தியில் விலை பேசினார்கள். ஆந்திராக்காரர் வந்தால் தெலுங்கு. எந்தப் பள்ளியும் அவர்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. விற்க வேண்டும், அதனால் கேட்டார்கள். கேட்டதைச் சொல்லிப் பார்த்தார்கள். வாங்குகிறவர் முகம் சுளித்தால் மாற்றிச் சொன்னார்கள். தேவை இருந்த இடத்தில் மொழி தானாக வந்தது. அதே பையன்களில் சிலர் எங்கள் வகுப்பில் இங்கிலீஷில் தேறாதவர்கள். இவர்களுக்கு மூளை இல்லை என்று வகுப்பில் சொல்லப்பட்டதை அன்றே நான் நம்பவில்லை. வாத்தியாராக வேண்டும் என்கிற எண்ணம் எனக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கு முன்பும் அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 1959 வாக்கில் மெட்ராஸ் ராஜ்யத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு ஒரு பெரிய பயிற்சி நடந்தது. சிலருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் பலருக்குக் கற்றுக்கொடுத்து, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருக வேண்டும் என்பதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் வந்தது. தொடக்கநிலையில் இங்கிலீஷ் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களை மறுபடி பயிற்றுவிப்பது நோக்கம். வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக, எளிதிலிருந்து கடினத்துக்கு, பொருளைக் கையில் காட்டி, வாயால் சொல்லிப் பழக்குவது என்பது திட்டம். நல்ல திட்டம். நான் படித்த காலத்துக்குள் அந்தப் பந்து எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது மிஞ்சியது, கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிய பதிலீட்டு அட்டவணை மட்டும்தான். 'திஸ் இஸ் எ பென். தட் இஸ் எ பென்சில்.' பென் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அது பென் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தவரிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒருவர் பதில் தேடிக்கொண்டிருந்தார். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களில், சாதாரணப் பள்ளி வகுப்புகளில் அவரும் அவரோடு சேர்ந்த ஆசிரியர்களும் ஒரு சோதனை செய்தார்கள். இலக்கணப் பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடி. வரைபடத்தைப் பார்த்து வழி சொல். பிள்ளையின் கவனம் பொருளில் இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே போய்ப் படியும் என்பது அவர் நம்பிக்கை. 1987இல் வந்த அவருடைய புத்தகத்தை உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் படிக்கிறார்கள். அவர் அதை விளையாட்டு என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அந்த இடைவெளியைப் பேச்சால் நிரப்ப வேண்டும் என்று ஒரு வகை வேலையை அவர் வகுத்துக் காட்டியதைப் படித்தபோது, நான் நினைத்தது எங்கள் ஊர் ஆட்டங்களைத்தான்.

நான் வேலைக்கு வந்தது 1990களில். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் நடுவே ரோட்டுப் பாலம் 1988இல் திறந்தாகிவிட்டது, பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். சிலர் மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்தவர்கள்; யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் படகேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். கிளித்தட்டு ஆடுவதில் அவர்களை யாரும் ஜெயிக்க முடியாது.

முதலில் வகுப்புக்குள் கொண்டுவந்தது உத்தி பிரித்தல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு இரண்டு அணி வேண்டும். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். மற்றவர்கள் சமமான பலம் உள்ளவர்களாக இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். 'சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?' என்பது மாதிரி தலைவரிடம் கேட்பார்கள். யார் சூரியன் என்று தலைவருக்குத் தெரியாது. கேட்டது கிடைக்கும். நல்ல ஆட்டக்காரனை ஒரே பக்கம் குவிக்க முடியாதபடி நம் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு.

இதை இங்கிலீஷில் செய்யச் சொன்னேன். ஒரு ஜோடி வந்து கேட்கிறது: 'விச் டூ யூ வாண்ட், எ ரெட் போட் ஆர் எ ப்ளூ ஃபிஷ்?' தலைவி யோசித்துச் சொல்ல வேண்டும்: 'ஐ வாண்ட் தி ப்ளூ ஃபிஷ்.' கேள்வியில் 'எ'யாக வந்த மீன் பதிலில் 'தி'யாகிவிட்டது. ஆர்டிகிள் என்கிற விஷயத்தை ரென் அண்ட் மார்ட்டின் பக்கம் பக்கமாக விளக்கும். எங்கே வரும், எங்கே வராது, நதிக்கு முன்னால், மலைக்கு முன்னால் என்று விதிகள் நீளும். நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வேதனை, ஏனென்றால் தமிழில் அதற்கு இடமே இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் அவர்களுக்குக் காரணம் கண்ணெதிரே நிற்கிறது. முதலில் ஏதோ ஒரு மீன். இப்போது நீ சொன்ன அந்த மீன். யாராவது 'ஐ வாண்ட் எ ப்ளூ ஃபிஷ்' என்றால் ஜோடியில் ஒருத்தி உடனே, 'எங்ககிட்ட இருக்கிறதே ஒண்ணுதான், டீச்சர், தி-ன்னு சொல்லச் சொல்லுங்க' என்பாள். நான் விளக்க வேண்டியிருந்ததில்லை. அணி பிரிந்து முடிவதற்குள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள், எல்லாருடைய கேள்வியையும் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள். யார் யார் எந்த அணி என்பது அதில் அல்லவா இருக்கிறது!

அடுத்தது கைக்குள் என்ன. ஒரு பிள்ளை முதுகுக்குப் பின்னால் ஏதாவது ஒன்றை மறைத்துக்கொள்ளும். அல்லது மனதில் ஒரு கடல் உயிரை நினைத்துக்கொள்ளும். மற்றவர்கள் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வருகிற கேள்விகளாகக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். 'இஸ் இட் பிக்?' 'ஹாஸ் இட் காட் லெக்ஸ்?' 'டஸ் இட் லிவ் அண்டர் தி ஸாண்ட்?' 'டூ வீ ஈட் இட்?' தமிழில் ஒரு 'ஆ' போட்டால் எதையும் கேள்வியாக்கிவிடலாம்: வாழுமா, தின்போமா, இருக்கிறதா. இங்கிலீஷில் 'டஸ்' முன்னால் ஓடிவந்து நிற்க வேண்டும், அது வந்ததும் வினையின் வாலில் இருந்த 'எஸ்' கழன்றுகொள்ள வேண்டும். விதியாகச் சொன்னால் தலை சுற்றும். ஆட்டத்தில் ஒரு பீரியடுக்குள் அந்த 'டஸ் இட்' அத்தனை முறை காதில் விழுகிறது. 'டஸ் இட் லிவ்ஸ்' என்று யாராவது சொன்னால் காதுக்கே ஒட்டாமல் போகிறது. கேள்வி சரியாக வந்தால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டார்கள். தப்பான கேள்விக்கு, ஒளித்துவைத்தவன் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பான். அதற்கு மேல் திருத்தம் வேண்டாம்.

இந்த ஆட்டத்தில் நான் பார்த்த பெரிய விஷயம் வேறு. கடைசி பெஞ்சு எழுந்து முன்னால் வந்தது. நண்டு எந்தப் பௌர்ணமிக்கு எப்படி இருக்கும், கணவாய்க்கு எலும்பு எங்கே இருக்கிறது, திருக்கையின் வாலில் முள் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதிகாரி வீட்டுப் பிள்ளை 'இஸ் இட் எ ஃபிஷ்?' என்று ஒரே கேள்வியோடு நிற்கும்போது, வலை உதறிவிட்டுக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்த பையன் 'டஸ் இட் ஸ்விம் பேக்வேர்ட்ஸ்?' என்று கேட்கிறான். 'பேக்வேர்ட்ஸ்' என்கிற சொல்லை அவன் என்னிடம் வந்து காதோடு கேட்டு வாங்கிக்கொண்டு போனான். கணவாய் பின்பக்கமாகப் பாயும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்க ஒரு சொல் தேவைப்பட்டது. நான் வாழ்நாள் முழுக்க இலக்கணம் சொல்லித்தந்ததில், ஒரு பிள்ளை தானாக வந்து சொல் கேட்ட அந்தத் தருணங்களைத்தான் மதிக்கிறேன்.

படகில் சாமான் ஏற்றுகிற ஆட்டமும் அப்படித்தான். உலகம் முழுக்கச் சந்தைக்குப் போனேன் என்று தொடங்கும் ஒரு ஞாபகச் சங்கிலி ஆட்டம் உண்டு. நாங்கள் அதைக் கடலுக்கு அனுப்பினோம். 'மை அங்கிள் வெண்ட் டு ஸீ அண்ட் டுக் எ நெட்.' அடுத்தவள்: 'எ நெட் அண்ட் சம் ஐஸ்.' அடுத்தவன்: 'எ நெட், சம் ஐஸ் அண்ட் அன் ஆங்க்கர்.' இப்படி முந்தையவர் சொன்னதையெல்லாம் சொல்லித் தன் சாமானைச் சேர்க்க வேண்டும். எண்ண முடிந்ததற்கு 'எ', உயிரெழுத்து ஓசை வந்தால் 'அன்', ஐஸுக்கும் டீசலுக்கும் அரிசிக்கும் 'சம்'. முன்பு அந்தப் பட்டியலில் ஒரு லாந்தர் விளக்கு வரும். இப்போது 'எ ஜிபிஎஸ்' வருகிறது, 'எ வாக்கி டாக்கி' வருகிறது. பட்டியலைக் கேட்டாலே எங்கள் கரையில் தொழில் எப்படி மாறிவிட்டது என்று தெரிந்துபோகும்.

எல்லா ஆட்டமும் பலன் தரும் என்று நான் சொல்லமாட்டேன். சில்லுக்கோட்டுக் கட்டங்களில் 'கோ, வெண்ட், கான்' என்று எழுதித் தாண்ட வைக்கலாம். பிள்ளைகள் சந்தோஷமாகத் தாண்டும். ஆனால் அதில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஒப்பிப்பதற்குக் கால் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்று வடிவங்களை நினைவில் வைக்க உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பாட்டுப் பாடிக் கைதட்டுவதும் அந்த வகைதான். வெளியிலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்கு இந்த ஆட்டங்கள்தாம் பிடிக்கும், ஏனென்றால் சத்தமும் சிரிப்பும் தெரியும். ஆட்டத்தில் ஒரு ரகசியம் இருக்கிறதா, அதை உடைக்க மொழி தேவைப்படுகிறதா என்று பார்ப்பதுதான் என் அளவுகோல்.

பிறகு அரசாங்கமே விளையாட்டைக் கையில் எடுத்த காலம் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 வாக்கில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றிய சின்னக் கிராமங்களில் உருவான முறை அதற்கு முன்மாதிரி. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. ஏணிப்படம், விலங்கு, பறவைச் சின்னம் போட்ட அட்டைகள், வட்டமாக உட்காரும் குழுக்கள். சோழியும் கூழாங்கல்லும் வகுப்புக்குள் வரலாம் என்று எழுத்துமூலம் உத்தரவாகி வந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தேன். நான் படித்த காலத்தில் வாசலில் தடுக்கப்பட்டவை அல்லவா! இங்கிலீஷைப் பொறுத்தவரை ஓர் இடம் மட்டும் இடறியது. அட்டை ஒரு பிள்ளையைத் தன் வேகத்தில் முன்னேற விடும், அது அருமை. ஆனால் அட்டை பேசாது. பிள்ளை அட்டையோடு தனியாக உட்கார்ந்து படத்தையும் சொல்லையும் பொருத்திவிட்டு அடுத்த படிக்கு ஏறிவிடலாம், ஒரு வாக்கியம்கூட இன்னொரு பிள்ளையிடம் சொல்லாமலே. கணக்குக்கு அது போதும். மொழிக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.

2012-13இல் முப்பருவ முறையும், அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவுகளும் பரவலாக வந்தன. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் பொம்மலாட்டமும் விளையாட்டுமாகச் சொல்லித்தரக் கையேடே அச்சிட்டுக் கொடுத்தார்கள். இன்று புதிதாக வேலைக்கு வருகிற ஒரு ஆசிரியை, விளையாட்டு வைத்துப் பாடம் நடத்துகிறேன் என்று யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. என் தலைமுறை அதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்த வேண்டியிருந்தது.

ஆனால் இந்த ஆண்டுகளில் இன்னொரு பக்கம் ஒன்று நடந்துவிட்டது. விளையாட்டு வகுப்புக்குள் வரவர, தெருவில் அது குறைந்துகொண்டே போனது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் சாயங்காலம் நடந்து பாருங்கள். கிரிக்கெட் இருக்கிறது, பையன்கள் ஆடுகிறார்கள். சொட்டாங்கல் ஆடுகிற பெண்பிள்ளைகளை நான் தேடித்தான் பார்க்கிறேன். திண்ணை இருந்த வீடுகளில் கேட் வந்துவிட்டது. மணல் இருந்த இடத்தில் சிமெண்ட் தளம். பிள்ளை கையில் அப்பாவின் போன். அந்தப் போனிலும் விளையாட்டுத்தான் ஓடுகிறது; 'லெவல்', 'ஸ்டார்ட்', 'கேம் ஓவர்', 'ட்ரை அகெய்ன்' என்று சின்னப் பிள்ளைகூட இங்கிலீஷ் சொல்கிறது. எங்கள் காலத்தில் நாங்கள் கனவிலும் காணாத அளவு சொற்கள் இன்றைய பிள்ளையின் வாயில் இருக்கின்றன. வாக்கியம்தான் இல்லை. போன் ஆட்டத்தில் எதிரே இருப்பவனிடம் பேரம் பேச வேண்டியதில்லை, வழக்காட வேண்டியதில்லை, தீர்ப்புக் கேட்க வேண்டியதில்லை. கோட்டை மிதித்தாயா இல்லையா என்பதை எந்திரமே சொல்லிவிடுகிறது.

இதன் விளைவு வகுப்பில் தெரிகிறது. முன்பெல்லாம் உத்தி பிரிக்கலாம் என்று சொன்னால் போதும், பிள்ளைகள் தோளில் கை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நான் இங்கிலீஷ் வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் ஆயிற்று. இப்போது ஆட்டத்தையே முதலில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஏன் இரண்டிரண்டு பேராகப் போகிறோம், ஏன் பெயர் ரகசியம், ஏன் தலைவர் கேட்டதை மாற்றிக் கொடுக்கக் கூடாது. முறை வரும்வரை காத்திருப்பது சில பிள்ளைகளுக்கு உடம்பு நோவது போல இருக்கிறது. தோற்றால் அழுகை வருகிறது. மறுபடி ஆடலாம் என்று தேற்றிக்கொண்டு வரவேண்டும். நான் தெருவிலிருந்து கடன் வாங்கி வகுப்புக்குக் கொண்டுவந்தேன். இன்று வகுப்பிலிருந்து தெருவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன். இது எனக்கு வருத்தம். ஆசிரியர்கள் இதைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். கையேட்டில் 'விளையாட்டு: 10 நிமிடம்' என்று அச்சடித்தால் மட்டும் அது விளையாட்டாகிவிடாது. வழக்காடவும் தோற்கவும் மறுபடி தொடங்கவும் நேரம் வேண்டும். பாட வேளை நாற்பது நிமிடம். அதில் பாதி விளக்கத்துக்கே போய்விட்டால் ஆட்டம் எங்கே நடக்கும்?

என்றாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தாம். இரண்டு படங்களுக்குள்ள வித்தியாசம் கண்டுபிடிக்கிற ஆட்டத்துக்கு, போன வருஷம் பாம்பன் பாலத்தின் படங்களை எடுத்துக்கொண்டேன். ஒரு குழுவிடம் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், கப்பல் வந்தால் நடுவே இரண்டு கைகளாகப் பிளந்து மேலே நிமிர்ந்ததே, அது. இன்னொரு குழுவிடம் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாகத் தூக்கிக்கொள்கிறது. ஒரு குழுவின் படத்தை மற்றக் குழு பார்க்கக் கூடாது. பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'யூஸ்ட் டு' என்பது நம் பிள்ளைகளுக்குப் பிடிபடாத ஒரு அமைப்பு. இங்கே அது தேடிவந்து உட்கார்ந்துகொண்டது. 'தி ஓல்ட் பிரிட்ஜ் யூஸ்ட் டு ஓபன் இன் தி மிடில். தி நியூ பிரிட்ஜ் கோஸ் அப்.' 'மென் யூஸ்ட் டு ஓபன் இட் பை ஹேண்ட்.' கடைசி வாக்கியத்தைச் சொன்ன பெண்ணிடம், படத்தில் ஆள் யாரும் இல்லையே என்று எதிர்க்குழு வழக்குப் போட்டது. 'எங்க தாத்தா பார்த்திருக்காரு, டீச்சர். ஆளுங்க சுத்திச் சுத்தித் தள்ளுவாங்களாம்' என்றாள். படத்தில் இல்லாததைச் சொல்லலாமா கூடாதா? தீர்ப்பு என்னிடம் வரவில்லை. அவர்களே பேசி, சொல்லலாம், ஆனால் 'மை கிராண்ட்ஃபாதர் ஸா இட்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

இந்த மாதம் ஒப்பீட்டு ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. தீவின் வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். ஒன்றைப் பெண்கடல் என்பார்கள், மற்றதை ஆண்கடல் என்பார்கள். வகுப்பு இரண்டு அணி. ஒவ்வொரு அணியும் தன் கடல் பெரியது, அழகானது, மீன் மிகுந்தது என்று மற்ற அணியை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். 'தி ஸவுத் ஸீ இஸ் டீப்பர் தேன் தி நார்த் ஸீ' என்று தொடங்கிற்று. 'தி ஸவுத் ஸீ இஸ் ரஃபர்' என்றான் ஒரு பையன். வடகடல் அணியிலிருந்து கையைத் தூக்கினாள் ஒருத்தி, அப்பா நாட்டுப்படகு வைத்திருப்பவர். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல்தான் கொந்தளிக்கும், அப்போது படகையெல்லாம் தெற்கே கொண்டுபோய்க் கட்டுவார்கள். தென்காற்று தொடங்கினால் எல்லாரும் வடக்கே வருவார்கள். உண்மை அது. ஆகவே 'ரஃபர் தேன்' என்று சும்மா சொல்லிவிட முடியாது. எப்போது என்று சொல்ல வேண்டும்.

'டீச்சர், எப்போதுன்னு சொல்ல என்ன வரும்? வென்னா, இஃபா?'

அடுத்த பீரியடில் அதுதான் ஆட்டம். எந்தக் காற்று எந்த மாதம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.